தெரியாமல் ஆறாவது வாரத்தில் முழு மயக்கம்: குழந்தைக்கு என்ன ஆகும்?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. ஐந்து வாரத்துக்கு முன்னால் ராத்திரி திடீரென்று வயிற்றுவலி. அப்பென்டிக்ஸ் என்று சொல்லி மறுநாள் காலையிலேயே லேப்ராஸ்கோப்பியில் ஆபரேஷன் செய்தார்கள். முழு மயக்கம் கொடுத்தார்கள். எனக்கு எப்போதுமே நாள் தள்ளித்தான் போகும் என்பதால் எதுவும் தோன்றவில்லை. அப்புறம் சந்தேகப்பட்டு கார்டில் பார்த்தால் இரண்டு கோடு. நேற்று எடுத்த ஸ்கேனில் 11 வாரம், இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ஆபரேஷன் அன்று ஆறாவது வாரம்! "மயக்க மருந்து ஏறின கரு, ஊனமாத்தான் பொறக்கும். இப்பவே கலைச்சிடு, கடையிலயே மாத்திரை கிடைக்குது" என்கிறார் அத்தை. மயக்க மருந்து குழந்தையின் மூளையைப் பாதிக்கும் என்று அமெரிக்காவே சொல்லிவிட்டதாக ஒரு வீடியோவை என் கணவர் காட்டினார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த மருந்துகளின் பெயர்களையும், மயக்க மருந்து டாக்டர் எழுதிய சீட்டின் போட்டோவையும் அனுப்பியிருக்கிறேன். போதாக்குறைக்கு இப்போது கடைவாய்ப் பல் வலி. ஊசி போடுவார்கள் என்று பல் டாக்டரிடம் போகவே பயமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், சேலம் மாவட்டம்)

பதில்: முதலில் அந்தக் கடை மாத்திரையை முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். யாராவது வாங்கி வைத்திருந்தால் விழுங்காதீர்கள். உங்கள் ஆபரேஷனில் கொடுத்த எந்த மருந்துக்காகவும் இந்தக் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. 20 வருடத்துக்கும் மேலாக மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, வயிற்றெரிச்சலான வேடிக்கை. மயக்க மருந்தால் குழந்தை ஊனமாகும் என்று பயந்து நீங்கள் போடப் போகும் அந்த மாத்திரைக் கூட்டில் மிசோப்ரோஸ்டால் இருக்கிறது. உங்கள் சம்மரியில் உள்ள மருந்துகள் எதற்கும் இல்லாத கெட்ட பெயர் அதற்கு உண்டு. கலையாமல் கரு தங்கிவிட்டால், கை கால் குறைபாட்டோடும் முகநரம்பு செயல்படாமலும் குழந்தை பிறப்பதற்கும் அந்த மருந்துக்கும் தொடர்பு இருப்பது ஆவணப்படுத்தப்பட்ட விஷயம். அதோடு நம் நாட்டில் அந்தக் கூட்டுக்கு 9 வாரம் வரைதான் அனுமதி, அதுவும் டாக்டர் மேற்பார்வையில். 11 வாரத்தில் வீட்டில் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கு நிற்காமல் நள்ளிரவில் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்த பெண்களுக்கு நானே மயக்க மருந்து கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லுங்கள். 1971-ம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் இல்லாமல் யாரும் கலைக்க முடியாது. கணவரின் கையெழுத்தோ அத்தையின் கையெழுத்தோ அதற்கு ஈடாகாது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தே போதும். குழந்தைக்குப் பெரிய குறைபாடு இருப்பதை மருத்துவக் குழு உறுதி செய்தால் அதற்குப் பிறகும் வழி இருக்கிறது. ஆகவே "இப்பவே, இன்னிக்கே" என்ற அவசரத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. பொறுத்திருந்து ஸ்கேனில் பார்க்க நேரம் தாராளமாக இருக்கிறது.

இனி நீங்கள் அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். எல்லோரும் சம்மரியை அனுப்புவார்கள். மயக்க மருந்து சீட்டைக் கேட்டு வாங்கி அனுப்பியவர் எனக்குத் தெரிந்து நீங்கள்தான். அதில் கட்டம் போட்ட பகுதி இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலே ஒரு அம்புக்குறி, கீழே ஒரு அம்புக்குறி. அது உங்கள் பிரஷர். ஆரம்பத்தில் 118. மயக்கம் கொடுத்த உடனே 102-க்கு இறங்குகிறது. வயிற்றுக்குள் கேஸ் ஏற்றியதும் 124. அதற்குப் பிறகு கடைசிவரை 110-க்கும் 120-க்கும் நடுவில் அலைகிறது. அதற்கடியில் ஆக்சிஜன் அளவு: 99, 100, 100, 99. மொத்தம் 55 நிமிடம். குழந்தைக்கு என்ன ஆச்சோ என்று கேட்டுத்தான் இதை அனுப்பினீர்கள். உங்கள் கேள்விக்கான பாதி பதில் மருந்துப் பட்டியலில் இல்லை, இந்தக் கட்டத்தில் இருக்கிறது.

கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் தாயின் பிரஷரை நம்பியே இருக்கிறது. பிரஷர் கொஞ்சம் இறங்கினால் மூளையின் ரத்தக்குழாய்கள் தாமாக விரிந்து சமாளித்துக்கொள்ளும். கர்ப்பப்பையின் குழாய்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது; தாய்க்கு இறங்கினால் அங்கும் இறங்கும். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 700 மில்லி அளவுக்கு ரத்தம் அங்கே ஓடுகிறது. அது குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலையின் பெரும்பகுதி. ஆறாவது வாரத்தில் உங்கள் கரு துவரம்பருப்பு அளவு, அதற்கு இவ்வளவு தேவையும் இல்லை. இருந்தாலும் அன்று உங்களுக்கு மூச்சும் பிரஷரும் ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை என்பதை அந்தச் சீட்டு காட்டுகிறது. கையெழுத்து மோசம், வேலை சுத்தம்.

இப்போது மருந்துகள். மயக்க மருந்தில் பெரும்பாலானவை நஞ்சுக்கொடியைத் தாண்டும். தாண்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூளைக்குள் போய்த்தான் அவை உங்களைத் தூங்கவைக்கின்றன. கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறாக இருந்தால்தான் மூளைக்குள் நுழைய முடியும், அப்படிப்பட்டது நஞ்சுக்கொடிக்குள்ளும் நுழையும். ப்ரோபஃபால், ஃபென்டானில், செவோஃப்ளூரேன் மூன்றும் இந்த ரகம். தசையைத் தளர்த்தக் கொடுத்த சக்சினைல்கோலின், அட்ராகூரியம் இரண்டும் வேறு ரகம். மின்னூட்டம் சுமந்த மூலக்கூறுகள், கொழுப்புச் சுவரைக் கடக்கத் திணறும். அதனால் வழக்கமான அளவில் குழந்தைக்குப் போய்ச் சேர்வது சொற்பம். கடைசியில் கொடுத்த நியோஸ்டிக்மினும் கிளைக்கோபைரோலேட்டும் தசையை மீட்கவும் இதயத்துடிப்பைச் சமன் செய்யவும் கொடுத்தவை. அவற்றைப் பற்றி இந்த வாரக் கணக்கில் கவலைப்பட ஒன்றுமில்லை.

தாண்டிப் போனால் கெடுதலா என்பது தனிக் கேள்வி. ப்ரோபஃபால் ரத்தத்தில் தங்குவது நிமிடக் கணக்கு. செவோஃப்ளூரேன் நீங்கள் மூச்சுவிட விட வெளியே போய்விடும். உறுப்புகள் உருவாகும் வாரங்களில் இவை ஒரு முறை உடம்புக்குள் வந்துபோனதால் மனிதக் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வந்தது என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. இன்றைக்குப் புழக்கத்தில் உள்ள மயக்க மருந்துகளை வழக்கமான அளவில் கொடுத்தால் கர்ப்பத்தின் எந்த வாரத்திலும் மனிதரில் பிறவிக் குறைபாடு உண்டாவதாகக் காட்டப்படவில்லை என்பதுதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடும்.

மிடாசோலத்தை அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இணையத்தில் தேடினால் 'பிளவுபட்ட மேலண்ணம்' என்று வந்திருக்கும். 1970-களில் அதன் பெரியண்ணன் டயசெபாமை கர்ப்பத்தில் சாப்பிட்டவர்களை வைத்து வந்த சந்தேகம் அது. பின்னால் நடந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. தியேட்டரில் படபடப்புக்குப் போட்ட ஒரே ஒரு ஊசிக்கு அந்தக் கதை பொருந்தவே பொருந்தாது.

பட்டியலில் என் கண் கொஞ்சம் நின்ற பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. தியேட்டரில் நீல சிலிண்டரில் வருவது. இது வைட்டமின் பி12-ஐச் செயலிழக்க வைத்து, ஃபோலிக் ஆசிட் வேலை செய்யும் பாதையில் குறுக்கே நிற்கிறது. கருவில் முதுகுத்தண்டுக் குழாய் மூடிக்கொள்ள ஃபோலிக் ஆசிட் எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்கே தெரியும், தினமும் மாத்திரை போடுகிறீர்கள். எலிகளுக்கு நைட்ரஸ் கொடுத்தபோது குட்டிகளில் குறைபாடு வந்தது உண்மை. ஆனால் எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? 24 மணி நேரம், விடாமல். எலியின் கர்ப்பமே 21, 22 நாள்தான். அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால் உங்களை ஏறக்குறைய 12 நாள் தியேட்டரிலேயே படுக்கவைத்து நைட்ரஸ் கொடுத்ததற்குச் சமம். உங்களுக்குக் கொடுத்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. தவிர, மனித உடம்பில் அந்த பி12 முடக்கம் எலியைவிட மிக மெதுவாக நடக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்திருந்தால் நான் நைட்ரஸை விட்டுவிட்டு ஆக்சிஜனும் காற்றும் கலந்து கொடுத்திருப்பேன். ஆபத்து என்பதால் அல்ல. அது இல்லாமலே வேலை நடக்கும் என்பதால்தான்.

வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி ஒன்றிரண்டு, அந்த வாரத்தில் போனதால் கலைக்க வேண்டிய காரணமாகாது. இனிமேல் மட்டும் அந்த இனத்து மாத்திரைகளைத் தொடாதீர்கள். 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்து பனிக்குட நீரைக் குறைத்துவிடும். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்துக்கு அருகே திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாயை முன்கூட்டியே மூடவைக்கும். பாராசிட்டமால் போதும். செஃப்ட்ரையாக்சோன், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குகள் இரண்டும் கர்ப்பிணிகளுக்கு நாங்களே கொடுக்கும் மருந்துகள்தான்.

"இத்தனை உறுதியா எப்படிச் சொல்றீங்க?" என்று உங்கள் அத்தை கேட்பார், கேட்கட்டும். நியாயமான கேள்வி. ஸ்வீடனில் 1973 முதல் 1981 வரை பிறந்த சுமார் 7,20,000 குழந்தைகளின் பதிவேட்டை அலசி, கர்ப்பத்தின்போது ஆபரேஷன் செய்துகொண்ட 5,405 தாய்மார்களைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். 1989-ல் வெளிவந்த ஆய்வு. அவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு முதல் மூன்று மாதத்திலேயே ஆபரேஷன் நடந்திருந்தது. பிறவிக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. எடை குறைவாகப் பிறப்பதும், பிறந்த முதல் வாரத்துக்குள் இறப்பதும் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. அது எந்த மயக்க முறையோடும் ஒட்டிப்போகவில்லை. எந்த நோய்க்காகப் படுத்தார்களோ அந்த நோயின் பங்கு அதில் இருக்கும் என்பதே பலரின் கணிப்பு, என்னுடையதும்.

முழுசாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஒன்று: அதே பதிவேட்டை முதுகுத்தண்டுக் குறைபாட்டுக்காக மட்டும் மறுபடி பார்த்தபோது, ஆரம்ப வாரங்களில் ஆபரேஷன் செய்தவர்களிடம் எதிர்பார்த்ததைவிடச் சில குழந்தைகள் கூடுதலாக இருந்தன. முடிவு சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன எண்ணிக்கை. இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் டிஃபா ஸ்கேனைத் தவறவிடாதீர்கள் என்று கீழே சொல்லப் போகிறேன், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

மயக்க மருந்து என்றால் ஊனம் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். தாலிடோமைடு நினைவாக இருக்கலாம். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும், பிறகு மசக்கைக்கும் விற்ற மாத்திரை. 1961 கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் குட்டையான கை கால்களோடு பிறந்துவிட்டன. கருவைக் கெடுக்கும் மருந்து அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: அபூர்வமான குறைபாடு, ஒரே மாதிரி, குழந்தைக்குக் குழந்தை. மயக்க மருந்தோ 1840-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கர்ப்பம் தெரியாமலே மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்கள் உலகம் முழுக்க எத்தனையோ பேர். அப்படி ஒரு முத்திரை இன்றுவரை கண்ணில் படவில்லை.

வீடியோ விஷயம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 டிசம்பரில் ஒரு எச்சரிக்கை விட்டது உண்மை. உங்கள் கணவர் காட்டியதில் அந்த எச்சரிக்கையின் பாதி வாக்கியம் காணாமல் போயிருக்கும். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்கும், 3 மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்ப மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்றார்கள். பெரும்பாலும் விலங்கு ஆய்வை வைத்துச் சொன்னது. உங்களுடையது ஆறாவது வாரம், ஒரே தடவை, 55 நிமிடம். ஏழு நாடுகளில் கைக்குழந்தைகளுக்கே நடத்திய ஒரு ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. குடலிறக்க ஆபரேஷனுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்குள் முழு மயக்கம் பெற்றவர்களும், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யப்பட்டவர்களும் 5 வயதில் அறிவுத்திறனில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். அந்த வீடியோ செய்தவருக்கு இதையும் சேர்க்க நேரமில்லை போலிருக்கிறது.

எனக்கு உண்மையில் கோபம் வேறு இடத்தில். தியேட்டருக்குப் போகும் முன் "கடைசியா எப்போ குளிச்சீங்க?" என்று கேட்டார்களாம், நீங்கள் "எனக்குத் தள்ளித்தான்மா போகும்" என்றீர்களாம், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். அந்தப் பதிலுக்குச் சிறுநீரைப் பிடித்துவரச் சொல்லி ஒரு கார்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. தெரிந்திருந்தாலும் ஆபரேஷன் நடந்துதான் இருக்கும், அப்பென்டிக்ஸ் காத்திருக்காது. நைட்ரஸும் டைக்ளோஃபெனாக்கும் பட்டியலில் இருந்திருக்காது, நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், ஆறரை மாதக் கர்ப்பிணி ஒருவர். உங்களைப் போலவே வலது பக்க வலி. ஆபரேஷன் வேண்டும் என்று சர்ஜன் சொன்னதும், "மயக்க மருந்து கொடுத்தா புள்ளைக்கு ஆகாது" என்று வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துப்போனார்கள். மூன்றாம் நாள் திரும்ப வந்தபோது வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது, உடம்பு கொதித்தது. வலது இடுப்புக்கடியில் போர்வையை மடித்து வைத்து இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துத்தான் மயக்கம் கொடுத்தேன். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அமுக்கிப் பிரஷரை இறக்கிவிடும், 20 வாரத்துக்கு மேல் அதைக் கவனித்தே ஆக வேண்டும். அப்பென்டிக்ஸ் உடைந்து வயிறு முழுக்கச் சீழ். தாய் பிழைத்தார். மறுநாள் ராத்திரி வலி எடுத்துக் குழந்தை பிறந்தது, இரண்டு நாள் இருந்தது. அந்தப் பாட்டி வராண்டாவில் என்னிடம், "மயக்க மருந்துதானே டாக்டர் காரணம்?" என்று கேட்டார். நான் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

கர்ப்ப கால ஆபரேஷன்களைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து, 12,452 பேரின் விவரத்தோடு 2005-ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் அப்பென்டிக்ஸ் ஆபரேஷனோடு குழந்தையை இழந்தவர்கள் 100-க்கு 2.6. சீழ் வயிற்றில் பரவியிருந்தவர்களில் 10.9. இரண்டு கூட்டத்துக்கும் மயக்கம் கொடுத்துத்தான் ஆபரேஷன். வித்தியாசம் சீழ். நீங்கள் மறுநாள் காலையிலேயே ஆபரேஷன் செய்துகொண்டது உங்கள் குழந்தைக்கு அன்று கிடைத்த பெரிய பாதுகாப்பு.

பல் வலிக்கு நாளைக்கே போங்கள். அவர் போடும் லிக்னோகைன் ஊசி இரண்டு மில்லி அளவுதான், ஈறில் அந்த இடத்தோடு நிற்கும். அதில் கலந்திருக்கும் அட்ரீனலின் மருந்தை அங்கேயே பிடித்துவைக்கத்தான். கர்ப்பிணிக்கு இது தாராளமாகப் போடலாம். போனதும் 11 வாரம் என்று சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே தேவைப்பட்டால் ஈயக் கவசம் போட்டு எடுப்பார்கள், பயமில்லை. ஆன்டிபயாடிக் எழுதினால் அது டாக்ஸிசைக்ளின் இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத பல் வேலையை நான்காவது, ஐந்தாவது மாதத்துக்குத் தள்ளினால் வசதி, மசக்கையும் அடங்கியிருக்கும். சீழ் பிடித்திருந்தால் தள்ளக் கூடாது.

ஃபோலிக் ஆசிட்டை உங்கள் டாக்டர் எழுதியபடி தொடருங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் டிஃபா ஸ்கேன் இரண்டையும் தவறவிடாதீர்கள். டிஃபா எடுப்பவரிடம், ஆறாவது வாரத்தில் முழு மயக்கத்தில் ஆபரேஷன் நடந்தது என்று சொல்லி முதுகுத்தண்டை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மருந்தும் படாத கர்ப்பத்திலும் 100-க்கு 2, 3 குழந்தைகள் ஏதோ ஒரு குறைபாட்டோடு பிறக்கின்றன. அந்தப் பங்கு உங்களுக்கும் உண்டு, எனக்குப் பிறந்தவர்களுக்கும் இருந்தது. நாளை ஏதாவது தெரியவந்தால் அன்றைய மயக்க மருந்தின் மேல் பழி போட வீட்டில் ஆள் தயாராக இருக்கும். இப்போதே உங்கள் கணவரை அழைத்துக்கொண்டு மகப்பேறு டாக்டரிடம் போய், அவர் வாயால் ஒரு முறை இதைக் கேட்கவையுங்கள்.

அந்தச் சீட்டின் போட்டோவை போனிலிருந்து அழித்துவிடாதீர்கள், பிரிண்ட் எடுத்துப் பிரசவ ஃபைலில் வையுங்கள். கடைசி வரியில், கிறுக்கலாகத்தான், தொண்டையில் குழாய் முதல் முயற்சியிலேயே சிரமமில்லாமல் போனது என்று எழுதியிருக்கிறார். பிரசவ நேரத்தில் அவசரமாக முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் மயக்க மருந்து டாக்டர் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.